பதின்மூன்றாம் பக்கத்தில் இல்லாத மகள்

என் தமையனாரின் கல்வெட்டில் பதின்மூன்றாம் பக்கம் பொய். மற்றப் பக்கங்களில் உள்ள மிகைகளை நான் பொறுத்துக்கொள்கிறேன். அவர் சாந்தமே உருவானவர் என்று மூன்றாம் பக்கம் சொல்லுகிறது. கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். இறந்தவரைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது உலக வழக்கம். அதற்கு நான் கோபிக்கவில்லை. பதின்மூன்றாம் பக்கத்தில் கூட்டவில்லை, வெட்டினார்கள்.

கல்வெட்டு என்று எங்கள் ஊரார் சொல்வது கல்லில் வெட்டியதை அன்று. ஒருவர் இறந்து முப்பத்தொன்றாம் நாள் மண்டபத்தில் சாப்பாடு போடும்போது, வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலர் அது. முகப்பில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய பிரிவுரை, பிறகு வம்சாவளி. தேவாரத்தை யாரும் வாசிப்பதில்லை. வம்சாவளியை எல்லோரும் வாசிப்பார்கள். ஒரு வீட்டில் பெண்ணோ மாப்பிள்ளையோ எடுப்பதென்றால் அந்த வீட்டில் கடைசியாக அச்சான கல்வெட்டை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார்கள். லண்டனுக்கு வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. சாதகத்தைக் கணினியில் பார்க்கிறார்கள். சாதியைக் கல்வெட்டில் பார்க்கிறார்கள்.

இதில் ஒருவரின் பெயரையும் நான் எழுதவில்லை. பெயரை எழுதினால் ஊரைத் தேடுவார்கள், ஊர் கிடைத்தால் எந்தச் சாதி குடியிருந்த குறிச்சி என்று தேடுவார்கள், குறிச்சி கிடைத்ததும் மேற்கொண்டு ஒரு வரியும் வாசிக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களை நான் அறிவேன்.

நான் எட்டாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த நகரத்தில் முப்பது ஆண்டுகள் பொதிகளைப் பிரித்து அடுக்கும் கூடமொன்றில் நின்று வேலை செய்தேன். எனக்குத் தெரிந்த இலக்கணம் அனைத்தும் நூலகத்தில் எடுத்த புத்தகங்களும் ரயில் பயணமும் தந்தவை. ஓய்வு பெற்ற பின்பு, தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டு மேல்மாடி அறையில் மேசையொன்றைப் போட்டு, ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கட்டியெழுப்பத் தொடங்கினேன். அவர் என் தகப்பனாரின் தாயாருக்குத் தகப்பனார்; எனக்குப் பூட்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் யாழ்ப்பாணத்தில் புகையிலை நட்டவர். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஒரே ஒரு கதைதான் உண்டு: அவர் உடையார், அதாவது வெள்ளைக்காரன் வைத்த ஊர்த் தலைவர், வெள்ளைக் குதிரையில் போவார், அவருக்கு இரண்டு ஆண்மக்களும் ஒரே ஒரு பெண்ணும், அந்தப் பெண்தான் எங்கள் அப்பாச்சி.

அந்தக் குதிரையைத் தேடி மூன்று ஆண்டுகளைச் செலவழித்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் வீண். பூட்டனின் ஆண்மக்கள் இருவரின் வழியில் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். நோர்வேயில் ஒருவர், சிட்னியில் ஒருவர், சிங்கப்பூரில் படிக்கப் போய் அங்கேயே பெரிய வேலையில் அமர்ந்த ஒருவர். எல்லோரிடமும் குதிரை இருந்தது. ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை.

பிழை என்னுடையது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் விடக்கூடாத பிழை. எங்கள் நாட்டில் காணி பெண்ணோடு போகும். தகப்பன் மகளுக்குச் சீதனமாக எழுதுவான். அவள் தன் மகளுக்கு எழுதுவாள். உறுதி என்று நாங்கள் சொல்லும் அந்தக் காணிப் பத்திரமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை கைவீசிக்கொண்டு இன்னொரு பெண்ணின் காணியில் குடியேறுவான். இதைப் பச்சைப்பிள்ளையும் அறியும். ஆனாலும் வம்சம் என்றவுடன் என் புத்தி ஆண்களின் பின்னால் ஓடியது. பூட்டன் இருந்த இடம் அவருடைய ஆண்மக்களின் பரம்பரையில் அன்று. மகளின் மகளின் மகள், ரொறன்ரோவில் தைலாப்பெட்டிக்குள் வைத்திருந்த சீதன உறுதியில்.

அதன் படம் என் கைபேசிக்கு வந்த நாளில் நான் சாப்பிடவில்லை. பத்திரம் பதியும் நொத்தாரிசு எழுதிய உறுதி. அதில் குதிரையும் இல்லை, உடையாரும் இல்லை. கமக்காரன், அதாவது வெறும் பயிர்செய்கிறவன், என்று இருந்தது. அடியில் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு கீறல். எழுதத் தெரியாதவரின் கீறல். வேறு சில தாள்களும் பிறகு சேர்ந்தன. தண்ணீர் முறையில் சண்டையிட்டு அயலவனை மண்வெட்டிப் பிடியால் அடித்ததற்கு அவர் தண்டம் கட்டியிருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு நெல் கொடுத்த பட்டியலில், பெரியவர்களுக்குக் கீழே, கடைசிக்கு முதல் வரியில் நிற்கிறார். விடியுமுன்னே எழுந்து துலா மிதித்து, புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து, தரகனிடம் முன்பணம் வாங்கி வாழ்ந்த மனிதன். எனக்கு அந்த மனிதனைப் பிடித்திருந்தது. உடையாரோடு எனக்கு என்ன பேச்சு?

உறுதியில் காணியின் நான்கு எல்லைகளையும் எழுதுவது வழக்கம். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் வளவு என்று போகும். அந்த உறுதியில் தெற்கு எல்லைக்கு நேரே, தன் இளைய மகளுக்கு எழுதிக்கொடுத்த காணி என்று பூட்டனே சொல்லியிருந்தார்.

இளைய மகள். எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்லாத இளைய மகள்.

அவளைத் தேட எனக்கு ஆறு மாதங்களும் எண்ணற்ற தொலைபேசி அழைப்புகளும் தேவைப்பட்டன. கடைசியில் அவளுடைய பேர்த்தி நோர்வேயிலும் இல்லை, சிட்னியிலும் இல்லை. மூன்று வண்டி மாறினால் போகக்கூடிய வெஸ்ட் ஈலிங்கில் இருந்தார். அறுபது வயதைக் கடந்தவர்; பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; அம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிய வீடு. நான் யாரென்று தொலைபேசியில் சொன்னதும், "உங்கடை பக்கத்தில இருந்து ஆரும் கேட்டு வருவினமோ எண்டு அம்மா சாகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தவ. வாங்கோ," என்றார்.

சனிக்கிழமை போனேன். உறுதி தயாராக மேசையில் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், நாலாக மடித்த தழும்புகளுடன், ஓரம் கரையான் தின்ற தாள். நான் இரண்டு முறை வாசித்தேன். தன் தோட்டத்தில் வேலை செய்கின்ற பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் வயிற்றில் தனக்குப் பிறந்த மகள் என்று எழுதுவித்து, இரண்டு பரப்புத் தோட்டக்காணியும் கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சீதனமாகக் கொடுத்திருந்தார். அடியில் அதே கீறல்.

கிணற்றில் பங்கு என்பதன் பொருளை இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் தாய் பிறந்த சாதியார் அந்தக் கிணற்றில் வாளி போடக்கூடாது. கட்டுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு, யாராவது இரங்கி ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டும். அந்தக் கிணற்றிலேயே அவளுடைய மகளுக்குப் பங்கு என்று, எழுத்தறியாத ஒருவர், சாட்சிகள் இருவருக்கு முன்பாக, நொத்தாரிசைக்கொண்டு எழுதுவித்திருக்கிறார். நான் அவரைப் புனிதராக்கப் போவதில்லை. அவளுடைய தாயை அவர் மணமுடிக்கவில்லை. காலம் முழுதும் தன் தோட்டத்தில் கூலியாகவே வைத்திருந்தார். இருந்தும் பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்றார்.

"முறையைப் பாத்தியளே?" என்று அந்த அம்மா சிரித்தார். "உங்கடை அப்பாவும் என்ரை அம்மாவும் சகோதரியளின்ரை பிள்ளையள். அப்ப நீங்கள் எனக்கு அத்தான். ஊரில இருந்திருந்தா உதைச் சொன்ன வாய்க்கு அடி விழுந்திருக்கும்."

"அப்ப நீங்கள் எனக்கு மச்சாள்," என்றேன்.

"பகிடிக்குச் சொல்லாதேங்கோ, அத்தான். நான் உண்மையா எண்டு நினைச்சிடுவன்."

உறுதியைப் படமெடுக்கவும் இரண்டு பிரதி எடுக்கவும் விட்டார். ஒரே ஒரு நிபந்தனை. நான் எப்போதாவது குடும்ப வரலாறு எழுதினால் அவருடைய அம்மம்மாவின் பெயர், அவளுடைய அக்காவான எங்கள் அப்பாச்சியின் பெயருக்குப் பக்கத்தில், அதே வரிசையில், அதே எழுத்தில் இருக்க வேண்டும். கையைப் பிடித்துச் சத்தியம் கேட்கவில்லை. நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன்.

எட்டு மாதங்களில் தமையனார் காலமானார். செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மூத்த மகன் என்னைத் தேடி வந்து, "சித்தப்பா, குடும்ப வரலாற்றை நீங்கள்தான் எழுதவேணும். உங்களை விட்டா ஆருக்குத் தெரியும்?" என்றான். அந்த வார்த்தைக்கு நான் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு நாட்கள் உட்கார்ந்து எழுதினேன். வம்சாவளியை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு என் கையாலேயே வரைந்தேன். பூட்டனிலிருந்து நான்கு கோடுகள்: ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் இருவர். இளைய மகளின் கீழே மகள், அவள் கீழே வெஸ்ட் ஈலிங் மச்சாள், அவர் கீழே அவருடைய இரண்டு பிள்ளைகள். என் பெறாமகன், தமையனாரின் அந்த மூத்த மகன், பார்த்தான். "சுப்பர், சித்தப்பா," என்றான். அச்சகத்திலிருந்து வந்த முதற்படியிலும் நான்கு கோடுகள் இருந்தன. நான் பிழை திருத்திக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மச்சாளுக்குத் தொலைபேசியில் சொல்லி, முப்பத்தொன்றுக்கு வரும்படி நானே அழைத்தேன்.

"வரலாமோ?" என்று கேட்டார்.

"நான் கூப்பிடுறன்," என்றேன்.

மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. சோறும் பதினொரு கறிகளும் பாயாசமும். வாசலில் ஒரு மேசை. அதில் கல்வெட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் எவர்சில்வர் டப்பா ஒன்று வைத்து, வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மேசை போடுமுன்னே வந்து முன்வரிசையில் இருந்ததால் எனக்குப் புத்தகம் பிந்தித்தான் கிடைத்தது. விரித்தேன். என் எழுத்தில் கமக்காரர் என்று இருந்த இடத்தில் உடையார் என்று இருந்தது. கீறல் இல்லை. தண்டம் இல்லை. வெள்ளைக் குதிரை இருந்தது. பதின்மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். பூட்டனிலிருந்து மூன்று கோடுகள்.

மூன்று கோடுகளும் ஒன்றுக்கொன்று சமமான இடைவெளியில், அழகாக இருந்தன. ஒன்றைப் பிடுங்கிய தழும்பு தெரியாதபடி அச்சகத்தார் மறுபடி ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். என்னை எரித்தது அந்த அழகுதான்.

பெறாமகனைக் கைகழுவும் இடத்தில் பிடித்தேன்.

"ஆர் வெட்டினது?"

"சித்தப்பா, மெதுவாக் கதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். ஆர் வெட்டினது?"

"நான்தான். மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். அவையள் இண்டைக்கு வந்திருக்கினம், ரெண்டாவது மேசை. இந்த டைமில இது தேவையோ சொல்லுங்கோ?"

"அதுகள் ரெண்டும் யுனிவர்சிட்டியில ஒண்டாப் படிச்சுத் தாங்களே விரும்பினதுகள் எல்லோ? கல்வெட்டைப் பாத்தோ விரும்பினதுகள்?"

"பிள்ளையளுக்கு இது ஒண்டும் விளங்காது, சித்தப்பா. பெரியாக்கள்தானே பாக்கிறது. இன்னும் ரெண்டு மாசம். பேந்து வெப்சைட்டில ஃபுல்லாப் போடுவம். புரொமிஸ்."

அவனுக்கு நாற்பத்தாறு வயது. அலுவலகத்தில் இனப் பாகுபாடு பற்றி ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பவன். வெள்ளைக்காரன் ஒருவன் தன் பெயரைச் சரியாக உச்சரிக்கவில்லை என்று முறைப்பாடு எழுதி வென்றவன். அவனுடைய வாயிலிருந்து இதைக் கேட்டபோது, அவனைப் பிள்ளைப் பருவத்தில் தோளில் தூக்கித் திரிந்தவன் நான் என்பதற்காக வெட்கப்பட்டேன்.

அப்போது அவனுடைய தாயார், என் அண்ணி, வெள்ளைச் சேலையுடன் எழுந்து வந்தார். அவர் அழுது களைத்திருந்தார். அவரிடம் நான் கடுமையாகப் பேச விரும்பவில்லை. அவரோ என்னைப் பார்த்து, "உங்கடை அண்ணை இருந்திருந்தா உதை எழுத விட்டிருப்பாரே? நீங்கள் ஏதோ புதிசாக் கண்டுபிடிச்ச மாதிரி. அவருக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். நான் கலியாணம் முடிச்சு வந்த கிழமையே மாமி எனக்குச் சொல்லி, அந்தப் பக்கத்து ஆக்களோட பழகாதை எண்டவ. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்," என்றார்.

மூன்று ஆண்டுகள். ரயிலும் தொலைபேசியும் பூதக்கண்ணாடியும். நான் அகழ்ந்து எடுத்ததாக எண்ணியிருந்தது, என் வீட்டார் ஒவ்வொருவரும் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்த ஒன்று. எனக்கு மட்டும் சொல்லவில்லை. சின்ன வயதிலேயே தோட்ட வேலைக்குப் போனவன், ஆட்களோடு ஆட்களாக இருந்து சாப்பிடுகிறவன், வாய் காவாதவன் என்று விட்டிருக்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தபோது மச்சாள் எழுந்துவிட்டிருந்தார். அவருக்கு முன்னால் சோறு பாதி மிச்சம். அவர் புத்தகத்தை மூடி, எவர்சில்வர் டப்பாவை அதன் மேல் வைத்து, இரண்டையும் வாசல் மேசையில் திருப்பி வைத்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனார். நான் பின்னால் போகவில்லை. இருநூறு பேருக்கு நடுவே ஓட எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் எந்தச் சட்டியில் வெந்தது என்று பிறகு யோசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வெஸ்ட் ஈலிங்குக்குப் போனேன். கதவைத் திறந்து, "வாங்கோ, ஐயா," என்றார். அத்தான் போய்விட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். பெறாமகன் செய்த அநியாயத்தை விரித்தேன். அண்ணி சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் மச்சாள் கேட்டார்:

"அவையிலதானே கோபப்படுறியள்?"

"பின்னை?"

"நீங்கள் முதல் வந்த அண்டைக்கு நான் தேத்தண்ணி போட்டுத் தந்தனான். ஞாபகமோ?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"சீனி வருத்தம் எண்டனீங்கள். சீனி போடாமல் கொண்டந்தன். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் எண்டனீங்கள். தண்ணி தந்தன். அதையும் தொடேல்லை. ரெண்டு மணித்தியாலம் இருந்து அந்தக் கடுதாசியைப் பாத்தியள், படம் எடுத்தியள், என்னை மச்சாள் எண்டும் சொன்னியள். நீங்கள் போன பிறகு அந்தத் தேத்தண்ணியை நான்தான் சிங்கில ஊத்தினது."

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மேலே எழுதும்போது நான் தேநீரைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் அதை வேண்டுமென்று மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்தும் மறுக்கவில்லை. கை நீளவில்லை, அவ்வளவுதான். பிள்ளைப் பருவத்தில் யாரோ என் கைக்குக் கற்பித்தது, எழுபத்தெட்டு வயதிலும் என்னைக் கேட்காமலே வேலை செய்தது. ரயில் நிலையத்துக்கு வந்ததும் அங்கே ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். சீனி போட்டு.

"நான் உங்களோட சண்டை பிடிக்கேல்லை," என்றார் அவர். "நீங்கள் தேடி வந்தது உங்கடை பூட்டனை. எங்களை இல்லை. அவரைக் காட்ட எங்களிட்டைக் கடுதாசி இருந்தது, வந்தனீங்கள். அந்தப் பிரதி ரெண்டையும் தாங்கோ. போனில இருக்கிறதையும் அழியுங்கோ."

பிரதிகள் என் பைக்குள்ளேயே இருந்தன. கொடுத்தேன். கைபேசியில் படங்களை அழிக்க எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவரே வாங்கி ஒவ்வொன்றாக அழித்தார். குப்பைத்தொட்டிக்குள் போனவற்றையும் தேடிப் போய் அழித்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு சட்டியிலும் பொருக்கு விடாமல் உரசியவரின் கவனம் அது.

"அப்ப நான் எழுதக் கூடாதோ?" என்று கேட்டேன்.

"எழுதிறதெண்டா எழுதுங்கோ. எழுதவேண்டியது உங்கடை பக்கத்து வேலை. என்ரை கடுதாசியைக் காட்டி எழுதாதேங்கோ. உங்களுக்குத் தெரியும் எண்டா, தெரியும் எண்டு எழுதுங்கோ."

இம்முறை அவர் தேநீர் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமை எனக்கு இருக்கவில்லை.

திங்கட்கிழமை, கல்வெட்டை அச்சிட்ட அதே கடைக்குப் போனேன். பிழைதிருத்தம் ஒன்று, பாதித் தாளில், முந்நூறு பிரதி வேண்டும் என்றேன். கடைக்காரர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், நல்ல மனிதர். எழுதிக் கொண்டுபோனதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, நான் இந்தத் தொழிலில எவ்வளவோ கல்வெட்டு அடிச்சிட்டன். கல்வெட்டுக்குப் பிழைதிருத்தம் அடிச்சதைக் காணேல்லை. செத்தவர் திரும்பி வந்து திருத்தச் சொன்னவரோ?"

"அவரும் சேர்ந்துதான் பிழை விட்டவர்," என்றேன்.

"கீழ வழமையா 'இங்ஙனம், குடும்பத்தினர்' எண்டு போடுறது."

"போடாதேங்கோ. இறந்தவரின் தம்பி எண்டு போடுங்கோ. பக்கத்தில என்ரை பேர்."

தாளில் அதிகம் இல்லை. பதின்மூன்றாம் பக்கத்தில் விடுபட்டவர்: இன்னாரின் இளைய மகள். தாயின் பெயர் இது. அவள் வழியில் வந்தவர்கள் இவர்கள். ஏழாம் பக்கத்தில் உடையார் என்று வந்திருப்பது தவறு, அவர் கமக்காரர், எழுதத் தெரியாதவர், குதிரை வைத்திருந்ததற்குச் சான்று இல்லை. இவ்வளவே. கோபமான சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தேன், ஐந்து முறை எழுதி ஐந்து முறை வெட்டினேன். கோபத்தைச் சேர்த்தால், கிழவனுக்குத் தலை பழுது என்று சொல்லித் தாளை ஒதுக்கிவிடுவார்கள்.

எனக்கு முகவரி தெரிந்த வீடுகள் அனைத்துக்கும் அனுப்பினேன். மண்டபத்தில் இரண்டாவது மேசையில் இருந்தவர்களின் வீட்டுக்கும் அனுப்பினேன். அதற்காக என்னைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். அந்தப் பெண்பிள்ளையின் திருமணத்தை நான் குலைக்க நினைக்கவில்லை. ஒரு தாள் குலைக்கக்கூடிய திருமணத்தை ஒரு பொய் எத்தனை நாள் தாங்கும்? வெஸ்ட் ஈலிங்குக்கும் ஒன்று அனுப்பினேன். கடிதம் ஏதும் கூட வைக்கவில்லை.

தாள் போய்ச் சேர்ந்த மறுநாள் பெறாமகன் தொலைபேசியில் வந்தான்.

"சித்தப்பா, உங்களுக்கு என்ன விசர் பிடிச்சிட்டுதோ? என்ன எவிடென்ஸ் இருக்கு? டொக்யுமென்ட் காட்டுங்கோ பாப்பம்."

"டொக்யுமென்ட் இல்லை."

"உங்களிட்டை இருந்ததெல்லோ?"

"இருந்தது. திருப்பிக் குடுத்திட்டன்."

"அப்ப எதை வைச்சு எழுதினனீங்கள்?"

"எனக்குத் தெரியும் எண்டதை வைச்சு. உனக்கும் தெரியும். கொம்மாவுக்கும் தெரியும். கொப்பருக்கும் தெரியும். எங்களில ஒருத்தனுக்குத் தெரியாது எண்டு நீ எழுதிக் குடு, நான் வாபஸ் வாங்கிறன்."

அவன் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டான். அதன் பிறகு தமையனாரின் வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளாகக் கடுதாசி இல்லாத எந்தச் சொல்லையும் ஏற்காமல் இருந்தவன் நான். இப்போது கடுதாசி இல்லாமல் ஒரு பெண்ணை அவளுடைய தகப்பனுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். பூட்டன் நொத்தாரிசுக்கு முன்னால் நின்றபோது அவரிடமும் வேறு சான்று இருந்திருக்காது.

மிஞ்சிய தாள்களை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஆர்ச்வேயில் இறங்கி, மலையேறிக் கோயிலுக்குப் போனேன். மத்தியானப் பூசை முடிந்து, அன்னதானத்துக்கு வரிசை நின்றது. எங்கள் ஊரார் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரின் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தேன். என்னிலும் நான்கு வயது மூத்தவர் ஒருவர், ஊரில் எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தவர், தாளைத் தூரப்பிடித்து வாசித்தார். வாசித்து முடித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"உது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே, தம்பி," என்றார், மிகவும் பரிவாக.

"தெரிஞ்சா ஏன் அண்ணை ஒருத்தரும் சொல்லேல்லை?"

"உதெல்லாம் ஏன் இப்ப? ஆருக்கு என்ன பிரயோசனம்?"

"அந்த ஆக்களைக் கேட்டனீங்களோ, பிரயோசனம் இல்லையெண்டு?"

வரிசை ஓரடி நகர்ந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற பெண்ணொருத்தி, எனக்கு முன்பின் தெரியாதவள், "ஐயா, எனக்கும் ஒண்டு தாங்கோ," என்று கையை நீட்டினாள். கோயில் அறிவித்தல் என்று நினைத்திருப்பாள். நான் கொடுத்தேன். அவள் அங்கேயே நின்று, உதடு அசைய, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.